பல்லவி எத்தனையாவது விநாடியில் வர வேண்டும்? பாட்டு ஆக்கம் பற்றி வாசகர் கேள்விகள்

பாட்டு எழுதுகிறவர்களும் மெட்டமைக்கிறவர்களும் வீட்டு அறையிலேயே ஒலிப்பதிவு செய்கிறவர்களும் இலங்கை மலையகத்தின் பல ஊர்களிலிருந்து அனுப்பிய கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறோம். என்ன கருவி வாங்கலாம் என்ற கேள்விகளே அதிகம் வந்தன. ஒரு பாட்டு நிற்குமா விழுமா என்பது பெரும்பாலும் கருவியைத் தொடுவதற்கு முன்பே தீர்ந்துவிடுகிறது. ஆகவே மெட்டையும் சொல்லையும் பற்றிய கேள்விகளுக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

உலகம் முழுக்க ஓடும் பொப் பாடல்களில் ஐந்தாறு பேருடைய பெயர்கள் வருகின்றனவே, ஒரு பாட்டுக்கு இத்தனை பேர் எதற்கு? (வாசகர், ஹட்டன்)

வேலை பிரிந்திருப்பதால்தான். ஒருவர் தாளம், கோர்ட் (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்), பேஸ் (தாழ்ந்த அடியொலி) ஆகியவற்றைக் கோர்த்து ‘ட்ராக்’ தயாரிக்கிறார். அதன்மேல் பாடும் மெட்டை உருவாக்குகிறவர் இன்னொருவர். அவரை ‘டொப்லைனர்’ என்பார்கள். வரிகளுக்கென்று ஒருவர் இருப்பதும் உண்டு. இவர்களுக்குப் பிறகு குரலைப் பதிந்து சீராக்குகிறவர், எல்லா ஒலிகளையும் அளவாகக் கலந்து மிக்ஸிங் செய்கிறவர், கடைசி மெருகாக மாஸ்டரிங் செய்கிறவர் என்று வரிசை நீளும்.

அமெரிக்காவின் டெட்ரொய்ட் நகரில் பெரி கோர்டி 1959இல் தொடங்கிய இசைத்தட்டு நிறுவனம்தான் பின்னர் மோட்டவுன் என்று புகழ்பெற்றது. அதற்கு முன் அவர் கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பதிந்த பாட்டைக் கூட்டத்தில் போட்டுக் கேட்டு, தேறாததை ஒதுக்கும் வழக்கம் அங்கே இருந்தது. கார் ரேடியோவில் எப்படி ஒலிக்கும் என்று அறியச் சிறிய ஸ்பீக்கரிலும் போட்டுப் பார்த்தார்கள். 1990களில் சுவீடனின் ஸ்டொக்ஹோமிலிருந்த செய்ரொன் ஸ்டூடியோவில் பாட்டுத் தயாரிப்பாளர் டெனிஸ் பொப்பும், அவரிடம் தொழில் பழகிய மெக்ஸ் மார்ட்டினும் இன்னொரு கறாரைக் கொண்டுவந்தார்கள்: ஒரு வரியின் அசை எண்ணிக்கை பிசகினால், சொல் எவ்வளவு அழகாக இருந்தாலும் சொல்லை மாற்று, மெட்டைத் தொடாதே.

உங்களுக்கு ஐந்தாறு பேர் தேவையில்லை. மூன்று பேர் சேர்ந்தால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, முதல் இரண்டு மணி நேரம் லெப்டொப்பைத் திறக்காமல் மூன்று பல்லவிகள் மட்டும் கட்டுங்கள். கைதட்டிப் பாடி, போனில் பதிந்து வையுங்கள். மறுநாள் பதிவைக் கேட்காமலே ஒவ்வொருவரும் நினைவில் இருப்பதைப் பாடிக் காட்டட்டும். மூவருக்கும் ஒரே பல்லவி நினைவில் நின்றால் அதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுங்கள். மூன்றுமே நிற்கவில்லையென்றால் அடுத்த ஞாயிறு மறுபடியும் கூடுங்கள். இந்த இடத்தில் பொறுமை இழந்து, “பீட் போட்டால் சரியாகிவிடும்” என்று இறங்குகிறவர்களே அதிகம். பீட் போட்டாலும் அது சரியாகாது.

மெட்டு முதலா, வரிகள் முதலா? கவிதையாக நன்றாக இருக்கும் வரிகள் பாடும்போது இடறுகின்றன. (வாசகி, கொட்டகலை)

பாடுவதற்கென்றால் மெட்டே முதலில் வரட்டும். திரைப்பாட்டுக்காரர்கள் தத்தகாரத்தில் மெட்டை வைத்துக்கொண்டு பிறகு சொல்லை நிரப்புகிறார்கள். மேல்நாட்டு டொப்லைனரும் பொருளில்லாத அசைகளை முணுமுணுத்துத்தான் மெட்டைப் பிடிக்கிறார். நாற்று நடவிலும் கொழுந்து மலையிலும் பாடியவர்களின் ‘தன்னன்னானே’யும் அதே வேலையைத்தான் செய்தது.

மெட்டு கிடைத்ததும் ஒவ்வோர் அசையும் குறிலா நெடிலா என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒற்றடுத்த அசையையும் நீளமாகவே கணக்கிடுங்கள். ஓர் எடுத்துக்காட்டு. முதல் வரி: “பனி இறங்கும் நேரத்திலே”. ப, னி, இ, றங், கும், நே, ரத், தி, லே என்று ஒன்பது அசைகள். இரண்டாவது வரியாக “படி இறங்கிப் போறவளே” என்று எழுதுகிறீர்கள். எண்ணினால் அதுவும் ஒன்பதுதான். ஆனால் ஏழாவது அசையைப் பாருங்கள். முதல் வரியில் ‘ரத்’ நீளம்; இரண்டாவதில் ‘ற’ குறுகியது. மெட்டு அங்கே நீண்டு நிற்பதால் பாடுகிறவர் ‘போறாவளே’ என்று இழுப்பார். கேட்கிறவருக்கு ஏதோ உறுத்தும், காரணம் தெரியாது. “படி இறங்கிப் போகையிலே” என்று மாற்றினால் நே-ரத்-தி-லேயும் போ-கை-யி-லேயும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்துவிடும். உங்கள் வரிகள் இடறுவது பெரும்பாலும் இதனால்தான்.

பொருள் கெடுவது இதைவிட மோசம். நீண்ட சுரத்தில் ‘மலை’யை வைத்தால் ‘மாலை’ என்று கேட்கும். ‘கலை’யை வைத்தால் ‘காலை’. தமிழில் எழுதுகிறவர் நீண்ட சுரத்துக்கு நெடிலையே தேட வேண்டும். இதில் சலுகையே கிடையாது.

உயரமான சுரத்தில் ஆ, ஏ, ஓ போன்ற வாய் திறக்கும் நெடில்கள் விழட்டும். இ, உ அங்கே வந்தால் குரல் மெலிந்து நெரியும். பல்லவியின் கடைசி அசை அப்படித் திறந்த நெடிலாக இருந்தால் கேட்கிறவரும் கூடவே பாடுவார்.

சொற்களை உங்கள் ஊரிலிருந்தே எடுங்கள். பீலிக்கரை (தண்ணீர்ப் பீலியடி), லயம் (தோட்டத்து வரிசை வீடு), கொந்தரப்பு (ஒப்பந்த வேலை), கவ்வாத்து (தேயிலைச் செடியைக் கத்தரிப்பது), றாத்தல் (பழைய நிறை அளவு) எல்லாம் பாடத்தகுந்த சொற்கள்தான். சென்னைப் பேச்சை இரவல் வாங்கி எழுதும் பாட்டு அங்கேயும் எடுபடாது, இங்கேயும் ஒட்டாது. ஒரு பாட்டில் இவற்றில் இரண்டு மூன்று போதும். சரணம் முழுக்க அடுக்கினால் பட்டியலாகிவிடும்.

பாட்டு எவ்வளவு நீளம் இருக்கலாம்? பல்லவி எப்போது வர வேண்டும்? (வாசகர், பதுளை)

கணக்குப் போட்டே பார்க்கலாம். வேகம் நிமிடத்துக்கு 100 தட்டு, நாலு தட்டுக்கு ஒரு பார் என்றால் ஒரு பாருக்கு 2.4 விநாடி. முன்னிசை 4 பார், சரணம் 8 பார், பல்லவிக்கு ஏற்றிவிடும் பகுதி 4 பார் என்று வைத்தால் 38ஆவது விநாடியில் பல்லவி தொடங்கும். இது நல்ல இடம். ஒரு நிமிடத்தைத் தாண்டினால் பலர் அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார்கள். ஸ்பொட்டிஃபையில் 30 விநாடியாவது கேட்டால்தான் அது ஒரு தடவையாகக் கணக்கில் சேரும். முன்னிசைகள் சுருங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேலே சொன்னதோடு பல்லவி 8 பார், இரண்டாம் சரணம் 8, ஏற்றம் 4, பல்லவி 8, மாறுபட்ட இடைப்பகுதி 8, கடைசிப் பல்லவி இரண்டு தடவை 16 என்று சேர்த்தால் மொத்தம் 68 பார், அதாவது 2 நிமிடம் 43 விநாடி. பல்லவியிலேயே பாட்டைத் தொடங்குவது நம் வழக்கம். அப்படித் தொடங்கினால் முதல் பல்லவியைப் பாதிக் கருவிகளோடு மட்டும் வையுங்கள். முழு வாத்தியமும் அங்கேயே இறங்கிவிட்டால் பிறகு ஏற இடமிருக்காது.

நீளத்தைவிட முக்கியமானது வேறுபாடு. சரணம் தாழ்ந்த சுரங்களில் நடந்தால் பல்லவி மூன்று நான்கு சுரமாவது மேலே எழ வேண்டும். சரணத்தின் வரிகள் சரியாக முதல் தட்டில் தொடங்கினால் பல்லவி அதற்கு அரைத் தட்டு முன்பாகவோ பின்பாகவோ எடுக்கட்டும். சரணத்தில் அசைகள் நெருக்கமாக இருந்தால் பல்லவியில் விலகட்டும். இந்த மூன்றில் இரண்டு இருந்தாலே, வாத்தியம் எதுவும் கூடாமல் “பல்லவி வந்துவிட்டது” என்று காது சொல்லும்.

கோர்ட் நான்கு மட்டும் போதுமா? ராகத்தில் மெட்டுப் போட்டால் கோர்ட் ஒட்டுவதில்லை. (வாசகர், தலவாக்கலை)

போதும். சி, ஜி, ஏ மைனர், எஃப் என்ற சுற்றில் எண்ணற்ற பொப் பாடல்கள் நடக்கின்றன. சி-யை ஸட்ஜமாக வைத்த மோகனம் அதன்மேல் தடையின்றிப் போகும். ஏ மைனர், எஃப், சி, ஜி என்ற சுற்றுக்கு ஏ-யை ஸட்ஜமாக வைத்த சுத்த தன்யாசி பொருந்தும். மாயாமாளவகௌளை போன்ற ராகத்தில் சுத்த ரிஷபம் வருவதால் ஜி கோர்டோடு முட்டும். அப்படியான மெட்டுக்குக் கோர்டைத் தேடி அலைய வேண்டாம். ஸட்ஜ பஞ்சமத்தை மட்டும் பேஸில் நிறுத்தி, தாளத்தால் நகர்த்துங்கள்.

தோற்கருவியான தப்பின் சத்தத்தை பொப் பாட்டில் சேர்க்க ஆசை. இணையத்தில் கிடைக்கும் பீட்டோடு சேர்த்தால் இரண்டும் சண்டை பிடிக்கின்றன. (வாசகர், மஸ்கெலியா)

சண்டை நடையில்தான் இருக்கிறது. திருவிழாவில் நீங்கள் கேட்கும் ஆட்ட அடிகளில் பல திஸ்ர நடை. ஒரு தட்டை மூன்றாகப் பிரிப்பவை. இணையத்து பீட் பெரும்பாலும் தட்டை நான்காகப் பிரிக்கிறது. மென்பொருளின் கட்டத்தை 6/8க்கு மாற்றுங்கள்; அல்லது 4/4இலேயே வைத்துக்கொண்டு ட்ரிப்லெட் (மூன்றாகப் பிரியும்) கட்டத்தைத் தெரிவு செய்யுங்கள். டிரம்ஸின் கனத்த அடியான கிக்கை முதல் தட்டிலும் மூன்றாம் தட்டிலும், கூர்மையான அடியான ஸ்நேயரை இரண்டிலும் நான்கிலும் வைத்து, இடையிலிருக்கும் மூன்றின் பிரிவுகள் முழுவதையும் தப்புக்கு விட்டுவிடுங்கள். ஹை-ஹெட் (சிறு தாளத் தட்டு) வேண்டவே வேண்டாம். மெல்லிய குச்சியின் சத்தம் அந்த இடத்தைத் தானே நிரப்பும்.

பதியும்போது நேர் முன்னால் மைக்கை வைக்காதீர்கள். அரை மீற்றர் முதல் ஒரு மீற்றர் வரை தள்ளி, தோலின் நடுவுக்குச் சற்று விலக்கி வையுங்கள். தப்பின் முதல் அடி மிகக் கூர்மையானது. மெதுவாக அடிக்கச் சொல்லி அளவைச் சரிசெய்துவிட்டுப் பதியத் தொடங்கினால், உற்சாகத்தில் ஓங்கி அடிக்கும்போது ஒலி உடையும். முழு வேகத்தில் அடிக்கச் சொல்லி, உச்சம் மைனஸ் 10 டெசிபெல் அளவில் நிற்கும்படி வையுங்கள். மலைக் குளிரிலும் ஈரத்திலும் தோல் சீக்கிரம் தளரும். ஆகவே ஒவ்வொரு இரண்டு மூன்று பதிவுக்கும் ஒருமுறை சூடு காட்ட வேண்டியிருக்கும். சூடு காட்டிய உடனேயும் பத்து நிமிடம் கழித்தும் சுருதி வேறாக இருக்கும். ஒரு பகுதியை முடிக்காமல் இடையில் நிறுத்தினால் ஒட்டு நன்றாகவே தெரியும். அடிக்கிறவரைத் தனியாகக் கூப்பிடாமல் இருவரை, மூவரை ஒன்றாக நிறுத்திப் பதிந்தால், ஒரே அடியைப் பிரதி எடுத்து ஒட்டியதில் கிடைக்காத உயிர் கிடைக்கும். அடித்தவர்களின் பெயரைப் பாட்டின் விவரத்தில் கட்டாயம் போடுங்கள்.

அப்பாயி (அப்பாவின் அம்மா) பாடும் தாலாட்டின் இரண்டு வரியைப் பாட்டின் தொடக்கத்தில் வைக்க நினைக்கிறேன். மெட்ரோநோமின் (சீராகத் தட்டும் தாளக் கருவி) தட்டுக்கு அவர் பாடுவதில்லை. (வாசகி, பண்டாரவளை)

அவரை மெட்ரோநோமுக்குள் அடைக்க முயலாதீர்கள். ஹெட்போன் கூட மாட்ட வேண்டாம். அவர் வழக்கமாக உட்காரும் இடத்திலேயே, அமைதியான நேரத்தில், ஒரு முழம் தள்ளி மைக்கை வைத்து முழுத் தாலாட்டையும் பாடவிடுங்கள். இரண்டு வரி மட்டும் கேட்டால் குரல் இறுகிவிடும். முழுதாகப் பாடும்போது மூன்றாவது நான்காவது கண்ணியில்தான் குரல் இளகி வரும்.

பிறகு அவருடைய வேகத்தை நீங்கள் அளந்து, மென்பொருளின் வேகத்தை அதன்படி வரிக்கு வரி மாற்றுங்கள். சுருதியும் அப்படித்தான். அவர் பாடியது சி ஷார்ப்புக்கும் டி-க்கும் நடுவில் இருந்தால், மென்பொருளில் முழுப் பாட்டின் சுருதியையும் சில சென்ட் ஏற்றியோ இறக்கியோ அவரோடு சேருங்கள். நூறு சென்ட் ஓர் அரைச் சுரம். நாற்பது சென்ட் நகர்ந்த கீபோர்ட் யாருக்கும் உறுத்தாது. அவர் குரலை இழுத்து கீபோர்டுக்குச் சேர்த்தால் தாலாட்டின் குழைவு முழுவதும் போய்விடும். மறைந்துகொண்டிருக்கும் பாட்டு இது. உங்கள் இரண்டு வரிக்கு அப்பால் முழுப் பதிவையும் இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள்.

லயத்து அறையில்தான் பாடிப் பதிகிறேன். குரல் வாளிக்குள் இருந்து வருவதுபோல் கேட்கிறது. சுருதி திருத்தும் மென்பொருளான ஒட்டோ-டியூன் போட்டால் இன்னும் மோசம். (வாசகர், நுவரெலியா)

வெறும் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலிதான் அந்த வாளிச் சத்தம். மைக் பிடிப்பது பாடுகிறவரின் பின்பக்கத்திலிருந்து வருவதையும் சேர்த்துத்தான். ஆகவே கம்பளியை மைக்குக்குப் பின்னால் மட்டும் தொங்கவிட்டால் பயனில்லை. உங்கள் முதுகுக்குப் பின்னாலும் இரண்டு பக்கத்திலும் இரட்டையாக மடித்துத் தொங்கவிடுங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் விலகி இருந்தால் இன்னும் நல்லது. அறையின் சரிநடுவில் நிற்க வேண்டாம். இப்படிப்பட்ட அறைக்கு விலை கூடிய கொண்டென்ஸர் மைக்கைவிட எஸ்.எம்.58 போன்ற டைனமிக் மைக் பொருத்தம். பக்கத்து அறைச் சத்தத்தையும் எதிரொலியையும் அது குறைவாகவே எடுக்கும். டைனமிக்குக்கு உதடு ஐந்து முதல் பத்து சென்ரிமீற்றரிலும், கொண்டென்ஸருக்குப் பதினைந்து முதல் இருபதிலும் இருக்கட்டும். ‘ப’ வெடித்தால் மைக்கை வாய்க்கு நேராக இல்லாமல் சற்றுச் சரித்து வையுங்கள்.

தகரக் கூரையில் மழை விழுந்தால் எந்த மென்பொருளும் அதைச் சுத்தமாக நீக்காது. ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கம் தென்மேல் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை. பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் வடகீழ் மழைதான் கூட. குரல் பதிவை அதற்கேற்பத் திட்டமிடுங்கள். மற்ற வேலைகளை மழை நாளில் பார்க்கலாம். லெப்டொப்பின் சார்ஜரைக் கழற்றி பெட்டரியில் பதிந்தால், எர்த் சரியில்லாத வீடுகளில் வரும் ‘ம்ம்’ என்ற இரைச்சல் பெரும்பாலும் போய்விடும். புளூடூத் ஹெட்போனில் பாடவே பாடாதீர்கள். ஒலி பிந்தி வருவதால் நீங்களும் தாளத்துக்குப் பிந்திப் பாடுவீர்கள். பலர் தங்களுக்குத் தாளம் வராது என்று நம்பிவிடுவது இதனால்தான். வயர் ஹெட்போன், பஃபர் (கணினி ஒருமுறைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலி) அளவு 128, பதிவு 48 கிலோஹேர்ட்ஸ் 24 பிட் என்று வைத்தால் தாமதம் உணரும் அளவுக்கு இருக்காது. மிக்ஸிங் செய்யும்போது பஃபரை 1024க்கு ஏற்றிக்கொள்ளலாம்.

முழுப் பாட்டையும் நான்கைந்து தடவை பாடி, வரிக்கு வரி நல்லதைத் தெரிவு செய்து கோருங்கள். ஸ்டூடியோக்களில் நடப்பதும் இதுவே. சுருதி திருத்தும் வேலை அதற்குப் பிறகுதான். ஒட்டோ-டியூன் 1997இல் வந்தது. மறுவருடமே அமெரிக்கப் பாடகி ஷெர் பாடிய பாட்டில் அதன் வேகத்தை வேண்டுமென்றே உச்சத்தில் வைத்து, குரல் படிப்படியாகத் தாவும் விளைவை உண்டாக்கினார்கள். அந்த விளைவு வேண்டுமென்றால் திருத்த எடுக்கும் நேரத்தைப் பூச்சியத்தில் வையுங்கள். இயல்பாக வேண்டுமென்றால் 30 மில்லிசெக்கன்டுக்கு மேல் வைத்து, பாட்டின் சுரங்களை மட்டும் தெரிவு செய்யுங்கள். நம் பாட்டில் கமகம் இருப்பதால் தானியங்கி முறை குழைவைப் படிக்கட்டாக வெட்டிவிடும். கையால் ஒவ்வொரு சுரமாகத் திருத்தும் முறைக்குப் போய், நிற்கும் சுரங்களை மட்டும் தொடுங்கள்.

ஹெட்போனில் பிரமாதமாக இருக்கிறது. போனில் போட்டால் பேஸ் காணாமல் போகிறது. பஸ்ஸில் போட்டால் பேஸ் மட்டும்தான் கேட்கிறது. (வாசகர், கண்டி)

போன் ஸ்பீக்கர் ஏறக்குறைய 200 ஹேர்ட்ஸுக்குக் கீழே மிகக் குறைவாகவே ஒலிக்கும். உங்கள் 808 பேஸ் (மின்னிசை அடியொலி) 50 ஹேர்ட்ஸில் இருந்தால் போனில் அது இல்லை என்றே அர்த்தம். பேஸில் லேசான சச்சுரேஷன் (ஒலிச் சிதைவு) சேர்த்தால் 100, 150, 200, 250 என்று மேல் அலைகள் பிறக்கும். காது அவற்றை வைத்து அடிச் சுரத்தை ஊகித்துக்கொள்ளும். பஸ்ஸில் குழம்புவதற்குக் காரணம் கிக்கும் பேஸும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் அடிப்பது. கிக் விழும் கணத்தில் பேஸை மூன்று நான்கு டெசிபெல் தாழ்த்தும்படி கொம்ப்ரெஸரை (ஓங்கும் ஒலியை அமுக்கும் கருவி) இணையுங்கள். 30 ஹேர்ட்ஸுக்குக் கீழிருப்பதை வெட்டிவிடுங்கள்.

குரலில் 80–100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, 250–400 பகுதியில் இரண்டு மூன்று டெசிபெல் குறைத்துப் பாருங்கள். ஒரே கொம்ப்ரெஸரில் பத்து டெசிபெல் நசுக்குவதைவிட, இரண்டை அடுத்தடுத்து வைத்து மூன்று நான்காக நசுக்கினால் குரல் முகத்துக்கு முன்னே வரும், மூச்சு முட்டாது. மோனோவில் (இரு பக்க ஒலியையும் ஒன்றாக்கி) கேட்டுப் பாருங்கள். பல்லவியின் பின்னணிக் குரல் மறைந்தால் ஸ்டீரியோ அகல எஃபெக்ட்டைக் குறைக்க வேண்டும். கடைசியில் உச்சத்தை மைனஸ் 1 டெசிபெலில் நிறுத்துங்கள். ஸ்பொட்டிஃபை வழக்கமாக மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) அளவுக்குச் சத்தத்தைச் சமப்படுத்துகிறது. ஆகவே நசுக்கி நசுக்கிச் சத்தத்தைக் கூட்டியவருக்குக் கடைசியில் மிஞ்சுவது நசுங்கிய பாட்டு மட்டுமே.

‘ஃப்ரீ பீட்’ எடுத்துப் பாடி யூடியூபில் போட்டோம். இன்னொருவர் உரிமை கோருகிறார். நண்பர்களுக்குள்ளும் பங்குத் தகராறு. (வாசகர், மாத்தளை)

‘ஃப்ரீ’ என்று போட்டிருப்பது பெரும்பாலும் வருமானம் இல்லாத பாவனைக்கு மட்டும்தான். குறைந்த விலை உரிமம் வாங்கினாலும் அதே பீட்டை இன்னும் பலர் வாங்கியிருப்பார்கள். அவர்களில் ஒருவர் தன் பாட்டை ஒரே ஒலியைத் தேடிப் பிடிக்கும் யூடியூபின் கொன்டென்ட் ஐ.டி.யில் பதிந்தால், உங்கள் பாட்டிலிருக்கும் அதே பீட்டையும் அது தனதென்று பிடிக்கும். வாங்கிய பற்றுச்சீட்டும் உரிமப் பத்திரமும் இருந்தால் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஒன்றுமில்லையென்றால் தம்பி, பீட்டை மாற்றிப் புதிதாக ஏற்றுவதுதான் வழி. மெட்டும் வரியும் உங்களுடையவை. அவை எங்கும் போகவில்லை.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி ஆக்கம் பிறந்ததுமே பதிப்புரிமை பிறக்கிறது, பதிவு தேவையில்லை. ஆக்கியவர் மறைந்து 70 ஆண்டுகள் வரை நீடிக்கும். ஆனால் யார் எதை ஆக்கினார்கள் என்பதற்குச் சான்று வேண்டும். பாட்டு முடிந்த அன்றே ஒரு தாளில் பாட்டின் பெயர், திகதி, மெட்டு யாருடையது, வரி யாருடையது, ட்ராக் யாருடையது, நூற்றுக்கு எத்தனை பங்கு என்று எழுதி எல்லோரும் கையொப்பம் இடுங்கள். கூட்டினால் சரியாக நூறு வர வேண்டும். பாட்டு ஆக்கத்தின் பங்கு வேறு, ஒலிப்பதிவின் பங்கு வேறு; ஸ்டூடியோவுக்குக் காசு கொடுத்தவர் இரண்டாவதில் கூடுதலாகக் கேட்கலாம், முதலாவதில் கேட்க முடியாது. ஒவ்வொருவரும் அந்தத் தாளைப் போனில் படம் எடுத்து, தங்களுக்கே மின்னஞ்சல் செய்து வையுங்கள். பாட்டு ஓடத் தொடங்கிய பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் நூறைப் பிரிப்பது கடினம்.